பேசின் பிரிட்ஜ் சந்திப்பு

கல்லூரியை விட்டு வெளியேறும் ஒவ்வோர் ஆண்டு மாணவரும் சொல்லிக்கொள்ளும் வாக்கியம் ஒன்று உண்டு: "அடிக்கடி பார்த்துக்கலாம்." மூன்றாண்டுக் காலம் ஒரே பெஞ்சில் அமர்ந்து, ஒரே டிபன் டப்பாவில் கைவைத்து உண்டவர்கள் அதை மனப்பூர்வமாகவே சொல்கிறோம். ஆனால் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் அந்த வாக்கியம் கைப்பேசியில் வரும் பொங்கல் வாழ்த்தாகச் சுருங்கிவிடுகிறது. மனம் மாறியதால் நேர்வதன்று இது. ரயில் பாதையும், ஷிப்டு அட்டவணையும், நியமனக் கடிதத்தின் வாசகமும் சேர்ந்து செய்யும் வேலை. அவை எவ்வாறு நம்மைப் பிரிக்கின்றன என்பதையும், பிரியாமல் இருப்பதால் என்ன பயன் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் 2024ஆம் ஆண்டு இளங்கலைக் கணினி அறிவியல் முடித்தேன். அவ்வாண்டு ஜூலை முதல் ஓராண்டுக் காலம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, முதுகலை படிக்க மீண்டும் நம் கல்லூரிக்கே வந்திருக்கிறேன். வந்த நாள் முதல் தம்பி தங்கையர் என்னிடம் கேட்பவை இரண்டே கேள்விகள்: "அண்ணா, வேலை எப்படிக் கிடைச்சுது? சம்பளம் எவ்வளவு?" கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு என்பது என் எண்ணம். "உங்க கூடப் படிச்சவங்க எல்லாம் எங்கே இருக்காங்க? அவங்களைப் பார்ப்பீங்களா?" என்பதே அது. ஏனெனில், வேலையைப் பற்றி நான் இன்று அறிந்தவற்றில் பாதி தொழிற்சாலைக்குள் கற்றது. மறு பாதி, வேறு நிறுவனங்களில் வேலை பார்த்த நண்பர்களிடம் ரயிலில் கற்றது.

ஒரே மாவட்டம், இரண்டு பாதைகள்

திருவள்ளூர் மாவட்டம் 1997ஆம் ஆண்டு தனி மாவட்டமாயிற்று. திருவள்ளூர் அதன் தலைநகர். கும்மிடிப்பூண்டி அதன் வடகோடி வட்டம். இரண்டும் ஒரே மாவட்டம் என்பதால் அருகருகே இருப்பதாகப் புதியவர் நினைக்கக்கூடும். ரயிலில் போகிறவனுக்கு அவை இரு வேறு உலகங்கள்.

காரணம் வரலாற்றில் உள்ளது. தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. மேற்கு நோக்கிச் சென்ற அந்தப் பாதையில் அமைந்த ஊர் திருவள்ளூர். வடக்கே விஜயவாடாவுடன் சென்னையை இணைத்த பாதை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1899ஆம் ஆண்டு வாக்கில் வந்தது. பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் அந்தப் பாதையில் உள்ளன. 1979ஆம் ஆண்டில் இரு பாதைகளும் புறநகர் மின்சார வண்டிகளுக்கு உரியவை ஆயின. சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் சுமார் 42 கிலோமீட்டர்; கும்மிடிப்பூண்டி சுமார் 48 கிலோமீட்டர். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரப் பயணம்.

இவ்விரு ஊர்களையும் நேரே இணைக்கும் ரயில் பாதை கிடையாது. திருவள்ளூரில் ஏறியவன் கிழக்கே பேசின் பிரிட்ஜ் வரை வந்து, அங்கே இறங்கி, வடக்கே போகும் வண்டியில் ஏற வேண்டும். சாலை வழியே பெரியபாளையம், கவரைப்பேட்டை மார்க்கமாகப் போனால் தூரம் குறைவுதான். ஆனால் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும், மாதச் சீசன் டிக்கெட்டின் மலிவையும் கணக்கிட்டால் தொழிலாளி ரயிலையே தேர்ந்தெடுக்கிறான். ஆகவே, மாவட்டத்தின் இரு கோடிகளில் வேலை பார்க்கும் இரண்டு நண்பர்கள் சந்திக்கத்தக்க இடம் அம்மாவட்டத்திலேயே இல்லை. சென்னைக்குள் இருக்கும் பேசின் பிரிட்ஜ் சந்திப்பில்தான் இருக்கிறது. ரயில்வேத் துறை பாதைகள் கூடும் இடத்துக்குச் சூட்டிய 'சந்திப்பு' என்ற பெயர் எங்கள் ஐவருக்கு நேர்ப்பொருளிலேயே பொருந்திற்று.

இரு பாதைகளின் ஓரத்திலும் தொழில் வரலாறு வரிசையாக நிற்கிறது. மேற்கே பெரம்பூரில் 1955ஆம் ஆண்டு தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை. அடுத்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. திருவள்ளூரை ஒட்டிக் காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை. வடக்கே எண்ணூரில் 1948ஆம் ஆண்டு அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி அசோக் லேலண்டாக வளர்ந்த ஆலை. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம். முடிவில் கும்மிடிப்பூண்டி சிப்காட். சிப்காட் நிறுவனம் 1971ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. பின்னாளில் அதே வட்டத்தில் தேர்வாய் கண்டிகையிலும் அது ஒரு தொழிற்பூங்கா அமைத்தது. நம் கல்லூரிக்குப் பொன்னேரியில் இறங்கும் நாம், அடுத்து வரும் இரண்டே நிலையங்களில் இவ்வளவு வேலைகள் இருப்பதை மூன்றாண்டுகள் சன்னல் வழியே பார்க்காமலேயே படித்து முடித்துவிடுகிறோம்.

'தொழில்நுட்ப வேலை' என்பது

கணினி படித்தவன் என்றதும் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடி மாளிகைகளே பலருக்கு நினைவுக்கு வரும். தொழிற்பேட்டையில் கணினிக்கு வேறு முகம். என் வேலை பராமரிப்புப் பிரிவில். ஓர் எந்திரம் நின்றால் எத்தனை மணிக்கு நின்றது, ஏன் நின்றது, எந்தப் பேரிங் மாற்றப்பட்டது, கிடங்கில் இன்னும் எத்தனை இருக்கின்றன என்பவற்றைக் கணினியில் பதிவு செய்ய வேண்டும். எந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. என்ற சிறு பெட்டியிலிருந்து வரும் எண்களை எடுத்து, எந்த எந்திரம் அடிக்கடி நிற்கிறது என்று மேற்பார்வையாளருக்குப் பட்டியல் போட்டுக் காட்ட வேண்டும். வகுப்பில் மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் வைத்துக் கற்ற தரவுத்தளப் பாடம், அங்கே பேரிங்கும் பெல்ட்டுமாக உயிர் பெற்றது. கால் சட்டையில் எண்ணெய்க் கறை படியும். காதில் பஞ்சு வேண்டும். ஆனாலும் அது கணினி வேலைதான்.

என் நண்பர்களை ஊர்ப் பெயரால் குறிப்பிடுகிறேன். கல்லூரியிலும் அப்படித்தான் அழைத்துக்கொண்டோம். மீஞ்சூரான் அம்பத்தூரில் ஒரு தரவு மையத்தில் சேர்ந்தான். ஆயிரக்கணக்கான கணினிகள் குளிரூட்டிய அறைகளில் இரவும் பகலும் ஓடும் இடம் அது. மின்சாரமும் குளிரும் குறையாமல் கண்காணிப்பது அவன் பணி. கவரைப்பேட்டையான் காக்களூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்து, திருவள்ளூரில் அறை எடுத்துத் தங்கினான். எண்ணூரான் துறைமுகம் சார்ந்த சரக்கு நிலையம் ஒன்றில் கணினிப் பதிவாளர். ஊத்துக்கோட்டைத் தோழி கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே மின்னணுப் பொருள் செய்யும் நிறுவனத்தில் தரச் சோதனைப் பிரிவில். நானோ வில்லிவாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகிறவன். கிழக்கே வருபவனும் மேற்கே போகிறவனுமாக, எங்களில் மூவர் தினமும் பேசின் பிரிட்ஜில் வண்டி மாறினோம். ஆனாலும் முதல் இரண்டு மாதம் ஒருவரையொருவர் கண்ணால் காணவில்லை.

ஷிப்டுக் கணக்கு

ஒரே நிலையத்தில் தினமும் வண்டி மாறும் மூவர் ஏன் சந்திக்க முடியாது? இதற்கு விடை கணக்கில் இருக்கிறது.

இடைவிடாது இயங்கும் ஆலையில் நாள் மூன்று ஷிப்டாகப் பிரியும். காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை முதல் ஷிப்டு. இரண்டு முதல் இரவு பத்து வரை இரண்டாவது. பத்து முதல் மறுநாள் காலை ஆறு வரை மூன்றாவது. வாரந்தோறும் ஷிப்டு மாறும். ஒரே ஆலையில் ஒருவன் முதல் ஷிப்டிலும் மற்றவன் இரண்டாம் ஷிப்டிலும் தொடங்கினால், இருவரும் ஒரே வேகத்தில் சுற்றுவதால், எத்தனை வாரம் ஆனாலும் ஒரே ஷிப்டில் சேரவே மாட்டார்கள். கடிகாரத்தின் இரண்டு முட்களும் ஒரே வேகத்தில் ஓடினால் எப்படியோ அப்படி.

வேறு வேறு நிறுவனமாயின் கணக்கு மாறும். எனக்கு வாரம் ஒருமுறை ஷிப்டு மாறிற்று. மீஞ்சூரானுக்கு இரு வாரத்துக்கு ஒருமுறை. என் சுற்று மூன்று வாரத்தில் முடியும். அவன் சுற்று ஆறு வாரம். ஒரு தாளில் ஆறு கட்டம் போட்டு நிரப்பிப் பாருங்கள். எந்த வாரத்தில் தொடங்கினாலும், ஆறு வாரத்தில் சரியாக இரண்டு வாரம் இருவருக்கும் ஒரே ஷிப்டு வரும். நண்பர்கள் 'நேரமே இல்லை' என்று சலித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆறில் இரண்டு வாரம் நேரம் எங்கள் காலடியிலேயே கிடந்தது. மீஞ்சூரான் இந்தக் கட்டத்தைப் போட்டுக் காட்டியபோது எல்லோரும் சிரித்தோம். கணினி அறிவியல் படித்த ஐவருக்கு இது தோன்ற இரண்டு மாதம் ஆயிற்று!

அதன்பின் ஒரு விதி வகுத்துக்கொண்டோம். வண்டியில் ஏறினால் வெண்டார் பெட்டிக்கு அடுத்த பெட்டி. இறங்கினால் பேசின் பிரிட்ஜில் மேம்பாலப் படிக்கட்டின் கீழ். ஒரே ஷிப்டு வரும் வாரங்களில், அம்பத்தூரிலிருந்து முதலில் வந்து சேரும் மீஞ்சூரான் முக்கால் மணி நேரம் காத்திருப்பான். கும்மிடிப்பூண்டி வண்டி வந்ததும் இருபது நிமிடப் பேச்சு. பிறகு அவரவர் வண்டி. மாதத்தின் கடைசி ஞாயிறு, யாருக்கு விடுமுறையோ அவர்கள் கூடுவது. இவ்வளவே எங்கள் சங்கத்தின் சட்டதிட்டம்.

கம்பெனிப் பேருந்தும் ரயில் பெட்டியும்

ஊத்துக்கோட்டைத் தோழி கம்பெனிப் பேருந்தில் போய் வருபவர். வீட்டருகே ஏறி வீட்டருகே இறங்கலாம். இரவு நேரத்தில் அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அவர் ஒருநாள் சொன்ன சொல் எங்களை யோசிக்க வைத்தது: "எங்க பஸ்ல எல்லாரும் எங்க கம்பெனிதான். முன் சீட்ல சூப்பர்வைசர் உட்கார்ந்திருப்பார். சம்பளத்தைப் பத்தி யாருமே வாய் திறக்க மாட்டாங்க."

புறநகர் வண்டியின் பெருமை இதில்தான் இருக்கிறது. அதில் ஒரே நிறுவனத்தார் இல்லை. இரும்பாலைத் தொழிலாளியும், மருந்துக் கம்பெனிப் பெண்ணும், மீன்கூடைக்காரரும், கல்லூரி மாணவரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். 'உங்களுக்கு ஓ.டி. எப்படிக் கணக்கு? லீவு எத்தனை நாள்?' என்று யாரும் யாரையும் கேட்கலாம். தன் நிறுவனத்துக்குள்ளேயே இருப்பவனுக்குத் தன் வேலை நல்லதா கெட்டதா என்று தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று வேண்டும். வேறு நிறுவனத்தில் இருக்கும் நண்பனே நம் வேலையைக் காட்டும் கண்ணாடி. வள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் வகுத்தபோது, நெடுநாள் பழக்கத்தின் உரிமைக்கென்றே 'பழைமை' என்று ஓர் அதிகாரத்தைத் தனியே வைத்தார். அந்த உரிமை இருப்பவனிடம்தானே "உன் சம்பளச் சீட்டைக் காட்டு" என்று கேட்க முடியும்?

மூன்று சொற்கள்

அப்படிச் சீட்டுகளை ஒப்பிட்டபோது எங்கள் ஐவரின் வேலைகளும் ஒரே வகையல்ல என்பது தெரிந்தது. புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் மூன்று சொற்களைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருபவர். இவருடைய ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாக வேண்டும். தருவது சம்பளமன்று, உதவித்தொகை. 2019ஆம் ஆண்டு விதித் திருத்தம் பட்டதாரிகளுக்கு அது மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று நிர்ணயித்தது. கலை, அறிவியல் பட்டதாரிகளும் இதில் சேரலாம். முடிவில் சான்றிதழ் உண்டு. ஆனால் பயிற்சி முடிந்ததும் அந்த நிறுவனமே வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வருங்கால வைப்பு நிதிப் பிடித்தமும் இல்லை.

இரண்டாவது டிரெய்னி. இது சட்டம் தந்த பெயரன்று. நிறுவனம் தரும் பெயர். இவருக்கு உரியது என்ன என்பதை நியமனக் கடிதமே சொல்லும். எவ்வளவு காலம் பயிற்சி, அதற்குப் பின் என்ன, சம்பளத்தில் என்ன பிடித்தம் என்பவை கடிதத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். என் வேலை இவ்வகை.

மூன்றாவது கான்டிராக்ட். வேலை பார்ப்பது ஓர் ஆலையில். சம்பளம் தருவது ஒப்பந்ததாரர். இடையில் ஒருவர் இருப்பதால் குறை ஏற்பட்டால் யாரிடம் கேட்பது என்ற குழப்பம் வரும். ஒப்பந்ததாரர் கூலி தரத் தவறினால் ஆலை நிர்வாகமே தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் கூறியது. அதன் இடத்தில் வந்துள்ள புதிய தொகுப்பும் அதையே கூறுகிறது.

புதிய தொகுப்பு என்றது, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை. பழைய 29 சட்டங்களின் இடத்தில் அவை வந்துள்ளன. நம்மைப் போன்றவர்கள் அவற்றில் இரண்டு செய்திகளை நினைவில் வைக்கலாம். ஒன்று, வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தரப்பட வேண்டும். மற்றொன்று, மாலை ஏழு மணிக்கு மேலும் காலை ஆறு மணிக்கு முன்னும் பெண்களை வேலைக்கு அமர்த்த அவர்களுடைய சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும்.

ஒரு நண்பனின் கதை

இவையெல்லாம் சட்டப் புத்தகத்து வரிகள் போலத் தோன்றலாம். கவரைப்பேட்டையானுக்கு நேர்ந்ததைச் சொன்னால் இவற்றின் எடை தெரியும்.

அவன் கான்டிராக்டில் சேர்ந்தவன். "ஆறு மாசத்துல பர்மனென்ட்" என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். கடிதம் எதுவும் கிடையாது. மாதந்தோறும் சம்பளத்தில் 12 விழுக்காடு வைப்பு நிதி என்று பிடித்தம் மட்டும் ஆயிற்று. 2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, பேசின் பிரிட்ஜ் பெஞ்சில் அமர்ந்து எல்லோரும் கைப்பேசியில் அவரவர் வைப்பு நிதிக் கணக்கைத் திறந்து பார்த்தோம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் யு.ஏ.என். என்ற பன்னிரண்டு இலக்க எண் உண்டு. அதைக் கொண்டு கணக்கைப் பார்க்கலாம். என் கணக்கில் மாதந்தோறும் வரவு இருந்தது. அவன் கணக்கில் இரண்டே மாத வரவு. ஐந்து மாதப் பிடித்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அவன் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "கேட்டா வேலையை விட்டு அனுப்பிடுவாங்கடா" என்றான். கேட்க வேண்டும் என்றேன் நான். மீஞ்சூரான் பொறு என்றான். கடைசியில் அவனே முடிவு செய்து, வைப்பு நிதி நிறுவனத்தின் குறைதீர் இணையதளத்தில் மனுப் போட்டான். ஏப்ரலில் விடுபட்ட பணம் முழுவதும் கணக்கில் ஏறிற்று. அம்மாத இறுதியில், "அடுத்த மாதம் ஆள் தேவையில்லை" என்று ஒப்பந்ததாரரிடமிருந்து செய்தி வந்தது.

பணம் வந்தது, வேலை போயிற்று. இதில் வென்றது யார் என்று எளிதில் சொல்ல இயலாது. "நீங்க பேசாம இருந்திருந்தா வேலையாவது இருந்திருக்கும்" என்று ஒருநாள் இரவு தொலைபேசியில் சொன்னான். அதன்பின் இரண்டு மாதம் எங்கள் பெட்டிக்கு வரவில்லை. அவன் தந்தை விவசாயக் கூலி. தங்கை பன்னிரண்டாம் வகுப்பு. நியாயத்தை எடுத்துச் சொல்வது நண்பனுக்கு எளிது. அதன் விலையைக் கொடுப்பவன் வேறொருவன் என்பதை அந்த இரண்டு மாதம் எங்களுக்கு உணர்த்திற்று. ஆகவே, கேள் என்று சொல்வதோடு நட்பின் வேலை முடிவதில்லை. அடுத்த வேலையைத் தேடித் தருவதும் அதில் அடங்கும். எண்ணூரான், மீஞ்சூரான், தோழி, நான் என்று நால்வரும் அவரவர் பெட்டியில், அவரவர் பேருந்தில் விசாரித்தோம். பொன்னேரி வண்டியில் வழக்கமாக வரும் ஒரு மூத்த ஃபிட்டர், தம் ஆலையில் பட்டதாரி அப்ரண்டிஸ் எடுப்பதாகச் சொன்னார்.

அந்தச் செய்தியைச் சொல்ல 2025 ஜூலை 13 ஞாயிறன்று கூடுவதாக ஏற்பாடு. அன்று விடியற்காலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு வண்டி தடம் புரண்டு தீப்பிடித்து, அந்த மார்க்கமே நின்றுவிட்டது. அவன் வரமாட்டான் என்றே நினைத்தோம். பேருந்து மாறிப் பேருந்து ஏறி, மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்து சேர்ந்தான். வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "சாப்பிட்டீங்களாடா?" என்பதுதான். உதவித்தொகை முன்பு வாங்கிய சம்பளத்தைவிடக் குறைவு. ஆயினும் இம்முறை ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறது. நாங்கள் ஐவரும் அதை வரி வரியாகப் படித்துப் பார்த்த பின்பே அவன் கையெழுத்திட்டான்.

வண்டி நின்ற இரவு

ரயிலை நம்பி வேலைக்குப் போகிறவனுக்கு ரயில் நிற்கும் நாளும் உண்டு. 2024 அக்டோபர் 11 இரவு எட்டரை மணி அளவில், கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு வண்டியின் மீது பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதிற்று. உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரும் ஆறுதல். ஆனால் பெட்டிகள் பாதையை மறித்துக் கிடந்தன. அன்று எனக்கு இரண்டாம் ஷிப்டு. இரவு பத்து மணிக்கு வெளியே வந்தபோது வில்லிவாக்கம் போக வண்டி இல்லை. கவரைப்பேட்டையான் திருவள்ளூர் அறையிலிருந்து பேசினான்: "எங்க வீட்டுக்குப் போயிடு. அம்மாகிட்ட சொல்லிட்டேன்." சாலை வழியே போய்ச் சேர்ந்தபோது, மகன் இல்லாத வீட்டில் அவன் தாயார் சுடுசோறும் ரசமும் வைத்துக்கொண்டு விழித்திருந்தார். "வா கண்ணு, அவன் வேற, நீ வேறயா?" என்றார். அடையாள அட்டையும் சீசன் டிக்கெட்டும் உதவாத இரவில் உதவியது கல்லூரிப் பழக்கமே.

நாம் செய்யத்தக்கவை

இவ்வாண்டு வேலைக்குப் போகவிருக்கும் நண்பர்களுக்குச் சில யோசனைகள் சொல்வேன்.

கடைசித் தேர்வன்றே உங்கள் குழுவுக்கு ஒரு நிலையத்தையும் ஒரு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். 'பார்த்துக்கலாம்' என்பது சந்திப்பாகாது. ஷிப்டு அட்டவணைகளை ஒரே தாளில் எழுதுங்கள். பொதுவான வாரங்கள் தாமே தெரியும்.

வேலைக்குச் சேரும் முன், அப்ரண்டிஸா, டிரெய்னியா, கான்டிராக்டா என்று கேளுங்கள். கடிதத்தை எழுத்தில் பெறுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் தரகரை அன்றே விட்டு விலகுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைப்பு நிதிக் கணக்கைத் திறந்து பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் ஈ.எஸ்.ஐ. மருத்துவ உரிமை உண்டு. தொழிலாளியின் பங்கு 2019 ஜூலை முதல் 0.75 விழுக்காடுதான். அட்டை எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அரியர் வைத்திருப்பவர்கள் வேலை வந்ததும் தேர்வை மறந்துவிடாதீர்கள். ஊத்துக்கோட்டைத் தோழி ஒரு தாளை அப்படித்தான் கைவிட இருந்தார். சக தொழிலாளியின் சம்மதத்தோடு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் ஷிப்டு மாற்றிக்கொள்ளலாம் என்பது எண்ணூரான் நிறுவனத்து வழக்கம். அதைக் கேட்டறிந்து தம் நிறுவனத்தில் விண்ணப்பித்தார், அனுமதித்தார்கள். தேர்வெழுதித் தேறினார்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் கல்லூரியில் பழைய மாணவர் பட்டியல் ஆண்டு வாரியாக இருக்கிறது. அதையே தொழிற்பேட்டை வாரியாகவும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், காக்களூருக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ புதிதாகப் போகும் மாணவன், முதல் நாளே அங்கிருக்கும் அண்ணனையோ அக்காவையோ விசாரித்துவிட்டுப் போவான். வேலைவாய்ப்பு முகாமில் நிறுவனத்தார் சொல்வது ஒரு பாதி. அங்கே வேலை பார்ப்பவர் சொல்வது மறு பாதி. இரண்டையும் கேட்டவன் ஏமாற மாட்டான்.

உங்கள் கைக்கு முதல் நியமனக் கடிதம் வரும் நாளில் வீட்டில் இனிப்புக் கொடுங்கள். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ போய் வாருங்கள். கையெழுத்திடும் முன், வேறொரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவனிடம் அதைக் காட்டுங்கள். அப்படிக் காட்ட ஒருவன் இருக்க வேண்டுமானால், இன்று உங்கள் பெஞ்சில் அமர்ந்திருப்பவனின் தொடர்பை நாளையும் விடாதிருங்கள்.